நாலாம் தொட்டிக்கு மூன்று மூட்டை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "சாப்பிட்டேன், வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. தினமும் "சின்னவன் எங்கே?" என்று கேட்பார். "வெளியூர்ல வேலை!" என்று நான் கத்துவேன். "தெரியும்மா, தினமும்தான் சொல்றீங்களே" என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து பதில் வரும். அப்பாவுக்குத்தான் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை 28ஆம் தேதியோடு முடிகிறது என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "நாலாம் தொட்டிக்குப் போட வேண்டிய சுண்ணாம்பை நான் சரியாகப் போடவில்லை. அதனால் விஷக்காற்று கிளம்பி என் கூட்டாளி விழுந்தான்" என்று ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருக்கிறதாம். கூட்டாளி என்றால் வேறு யார், நாம் ஒட்டகம் என்று கூப்பிடும் அந்த நெட்டையன்தான். 26ஆம் தேதி கம்பெனியின் டவுன் ஆபீசுக்கு வந்து நீ அதில் கையெழுத்துப் போடப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போடாதே. செப்டம்பரிலிருந்து உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சரி. அது வேறு. நீயே உன் கையால் எழுதிக் கொடுப்பது வேறு. அப்புறம் எந்தத் தங்க ஆலையிலும் உன்னை வாசலுக்குள் விடமாட்டார்கள். நீ சுண்ணாம்பு போட்டாய். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும்.

உடனே பதில் போடு.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இங்கே ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறேன். ஒரு அறையில் நாலு பேர் இருக்கிறோம். ஜன்னல் ஒன்று இருக்கிறது, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். திறப்பதில்லை. எனக்கு இது போதும்.

கிளார்க் சொன்னது உண்மைதான். நம் பெரிய அதிகாரி, அதான் பேசுவதற்கு முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமுவாரே, கனைப்பு, அவரே இங்கே தேடிக்கொண்டு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "உன் கையெழுத்து வந்தா பைல் மூடிரும். பைல் மூடினா ஒட்டகத்தோட சம்சாரத்துக்கு ஸ்டோர்ல வேலை போட்டுக் கொடுக்கிறேன். யாருக்கு என்னப்பா நஷ்டம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லைதான்.

நீ "போட்டாய், எனக்குத் தெரியும்" என்கிறாய். எனக்கே தெரியவில்லை அக்கா. ஒவ்வொரு மணிக்கும் மூன்று மூட்டை, அதுதானே கணக்கு. இரண்டு மணிக்கு முதல் மூட்டையைக் கத்தியால் கிழித்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதைக் கொட்டும்போது தூள் கண்ணில் விழுந்து குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்து மூன்றாவதைப் போட்டேனா? போட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு மணிக்குப் போட்டதோ என்னவோ. ஆறு மாதமாக இதையே எண்ணுகிறேன். கிடங்கில் லாரிக்கு முந்நூறு மூட்டை எண்ணிச் சொல்கிறேன், ஒன்று தப்பவில்லை. அந்த மூன்று மட்டும் எண்ணிக்கைக்கு வரமாட்டேன் என்கிறது.

நீ இரண்டரைக்கு லேபிலிருந்து போன் செய்து "நாலு, பதினொண்ணு" என்றாய். தொட்டியின் காரம் பத்துக்குக் கீழே போகாதவரை பயமில்லை என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "பதினொண்ணா? அப்ப அரசாங்கம் நம்மளுது" என்று சொல்லிவிட்டு ஒட்டகம் சல்லடையில் சிக்கிய வேரையும் மரத்தூளையும் எடுக்க மேலே ஏறினான். எனக்கு அந்த விஷக்காற்றின் வாசனை பிறவியிலேயே தெரியாது. அவன் மூக்குதான் எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கு. அன்றைக்குப் பார்த்து அவனுக்கு ஜலதோஷம். மூன்று மணி தாண்டி ஐந்து நிமிஷம், மேலே பார்க்கிறேன், இரண்டு நீளக் கால் மட்டும் தெரிகிறது.

சாம்பிள் எடுத்தபோது தொட்டி நன்றாக இருந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் கெட்டிருக்கிறது. அப்புறம் என்றால் நான்தான். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

அப்பாவிடம் நான் நன்றாக இருப்பதாகக் கத்து.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. பெரிய தியாகி மாதிரி எழுதியிருக்கிறாய். யாருக்கும் நஷ்டமில்லையாம். உனக்கு?

கொஞ்சம் மூளையை வைத்து யோசி. அன்றைக்குக் காலையில்தான் மண் வெட்டும் இடத்தை மாற்றினார்கள். சுரங்கம் கழித்துப் போட்ட அந்தப் பழைய சேற்று மேட்டின் மேற்குப் பக்கம் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்து மஞ்சள் பூத்துப் போயிருந்தது. உள்ளே புளிப்பு. அந்தப் புளிப்பு எத்தனை சுண்ணாம்பு போட்டாலும் தின்றுவிடும். சுண்ணாம்பு தீர்ந்தால் தங்கத்தைக் கரைக்க ஊற்றும் சயனைடு தண்ணீரில் தங்காது, காற்றாகக் கிளம்பிவிடும். ஒரு மூட்டை குறைந்ததால் ஒரே மணி நேரத்தில் அவ்வளவு கீழே இறங்காது. மண்தான் காரணம், மூட்டை இல்லை. இதை விசாரணையில் யாரும் கேட்கவே இல்லை.

நேற்று ஒட்டகத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த அந்தச் சில நிமிஷத்தின் வேலை இன்னும் முடியவில்லை என்கிறார் டாக்டர். கை நடுக்கம் கூடிவிட்டது. சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள். கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து குனிந்தே நம்மைச் சிரிக்க வைத்தவன், இப்போது நாற்காலியிலேயே குனிந்துதான் இருக்கிறான். டிசம்பர் வரை நான் போகும்போதெல்லாம் "அவன் எங்கக்கா?" என்று குழறிக் குழறியாவது கேட்பான். ஜனவரியிலிருந்து பேச்சு அறவே நின்றுவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவன் மனைவிக்கு வேலை கிடைக்க வேண்டும்தான். அதற்கு வேறு வழி பார்க்கலாம். நீ தலையைக் கொடுக்காதே.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

சின்ன வயதிலிருந்தே நான் என்ன உடைத்தாலும் "காத்துல விழுந்திருக்கும்" என்று அம்மாவிடம் சொல்வாய். இப்போது மண்ணைச் சொல்கிறாய்.

மண் புளிப்பாக இருந்தால் இரண்டு மணிச் சாம்பிளிலேயே தெரிந்திருக்குமே! லேபில் இருந்தது யார்? நீ. தாளில் என்ன இருக்கிறது? பதினொன்று. நீலப் பேனாவில், உன் கையெழுத்தில். கனைப்பு எனக்குக் காட்டினார். ஒன்று அந்தத் தாள் பொய், இல்லை நான் பொய். நீ பொய் எழுதுகிற ஆள் இல்லை. அப்புறம் மிச்சம் யார்?

அவன் என்னைக் கேட்டான் என்று எழுதியிருக்கிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பேன்? அதற்குத்தான் ஊரை விட்டே வந்தேன்.

26ஆம் தேதி கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இந்த எண்ணிக்கையும் ஓயட்டும். அலுத்துவிட்டது அக்கா. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே, எழுதினால் பிரிக்கமாட்டேன்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

பிரி. இதை ஒன்றை மட்டும் பிரித்துப் படி.

தாள்தான் பொய்.

நம் சேறு முகத்துக்குப் பூசும் பவுடரை விட மென்மை. அந்த மென்மைதான் லேபுக்குத் தலைவலி. வடிகட்டும் தாளில் ஊற்றினால் கண் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு சிறு குழாய் அளவு தெளிந்த தண்ணீர் சொட்ட முக்கால் மணி, ஒரு மணி ஆகும். தெளியாமல் மருந்துச் சொட்டு விட்டால் நிறம் தெரியாது, எண் சொல்ல முடியாது. மீட்டர் ஒன்று இருந்தது, அதன் முனையைச் சேறு தின்று ஒரு வருஷமாகிறது. ஆனால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அரை மணிக்கு ஒரு தரம் "நாலு என்னாச்சு, அஞ்சு என்னாச்சு" என்று போன். அதனால் லேபில் ஒரு பழக்கம். வடிவதற்கு முன்னாலேயே போன மணியின் எண்ணைப் பென்சிலால் எழுதி உங்களுக்குச் சொல்லிவிடுவோம். வடிந்த பிறகு சோதித்து, உண்மையான எண்ணை அதன் மேல் பேனாவால் எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு இப்படித்தான் காட்டிக் கொடுத்தார்கள். சேறு என்றைக்கும் ஒரே சேறு. பென்சிலும் பேனாவும் என்றைக்கும் ஒன்றாகவே இருந்தன. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அழிக்க வேண்டியிருந்ததில்லை.

அன்றைக்கு இரண்டு மணிச் சாம்பிள் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். "என்ன இது, மஞ்சளா இருக்கு" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு, வடியட்டும் என்று வைத்துவிட்டு, பென்சிலால் பதினொன்று எழுதி, இரண்டரைக்கு உனக்குப் போன் செய்தேன். அது ஒரு மணியின் பதினொன்று.

மூன்று மணி தாண்டித்தான் தண்ணீர் சேர்ந்தது. சொட்டு விட்டேன். ஒன்பதுக்கும் கீழே. போனை எடுத்தேன். எண்ணைச் சுழற்றுவதற்குள் சைரன் அடித்தது.

நீ ஒட்டகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மருந்துக் குப்பியை உடைத்து மூக்கில் பிடித்திருந்தாய். நான் அங்கே வந்து நின்றேன், உனக்கு ஞாபகம் இருக்காது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் லேபுக்குத் திரும்பினேன். ஒருவரும் இல்லை. தாள் மேஜையில் கிடந்தது. பென்சில் பதினொன்றின் மேல் பேனாவால் பதினொன்று எழுதினேன். குழாயில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிக் கழுவி வைத்தேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், அப்பாவை எங்கே வைப்பேன் என்று நினைத்து எழுதினேன் என்று உன்னிடம் சொல்லலாம். ஆனால் அது பின்னால் தேடிக் கண்டுபிடித்த காரணம். அந்த நிமிஷம் வெறும் பயம். கையில் பேனா இருந்தது, எழுதிவிட்டேன்.

மறுநாள் உன் பெயரைச் சொன்னார்கள். விசாரணையில் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். வாரமாயிற்று, மாதமாயிற்று. நீ ஊரை விட்டுப் போனபோது பஸ் நிலையத்தில் சொல்லிவிட வாயைத் திறந்தேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் வந்தது.

இரண்டு மணிக்கே, உன் மூன்றாவது மூட்டைக்கு முன்னாலேயே, தொட்டி கெட்டிருந்தது. நீ மூன்று மூட்டையும் போட்டாய். போட்டதால்தான் ஒன்பதுக்குப் பக்கத்திலாவது நின்றது. இல்லாவிட்டால் நீயும் போயிருப்பாய்.

என்னைத் திட்டு. வந்து அடித்தாலும் அடி. கையெழுத்து மட்டும் போடாதே.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றைக்கு டவுன் ஆபீசுக்குப் போனேன். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கனைப்பு கேட்டார். தெரியாது என்றேன். கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. காட்டவில்லை.

நீ எழுதினதை நீதான் போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 30

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு.

கனைப்பு வழக்கம்போல மூன்று தரம் கனைத்தார். அப்புறம் நாலாவதாகவும் ஒன்று. "ஏம்மா, ஆறு மாசம் சும்மா இருந்துட்டு, கடைசி நாள் வந்து கழுத்தறுக்கறியே" என்றார். மண் வெட்டுகிற இடத்தை மாற்றியதை லேபுக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அது இந்த விசாரணையில் வராதாம். கிளார்க்கைக் கூப்பிட்டு, உனக்கு அடித்து வைத்திருந்த தாளை எடுக்கச் சொன்னார். "எனக்கு ஒரு பேரு வேணும்மா. அது தம்பி பேரா இருந்தா என்ன, அக்கா பேரா இருந்தா என்ன, பைல் மூடினா சரி" என்றார். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு, சுண்ணாம்பு என்று இருந்த இடத்தில் லேப் என்று மாற்றி அடித்தார்கள். பத்து நிமிஷ வேலை. கையெழுத்துப் போட்டேன். ஒட்டகத்தின் மனைவிக்கு ஸ்டோர் வேலை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன். உண்டாம், தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டேன்.

நேற்றே என்னை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். லேபில் இனிமேல் பென்சில் கிடையாதாம். போன் வந்தால் "இன்னும் வடியலை" என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு வார்த்தை. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம்.

ஆபீசிலிருந்து நேரே ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே உலர்த்தினாள். வாளி காலியானதும், "உங்க தம்பியை எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? அவர் அனுப்பின பழத்தை ரோட்டில வீசியிருக்கேன்" என்றாள். நீ பழம் அனுப்பியது எனக்குத் தெரியாது. அப்புறம், "நீங்க வாரா வாரம் வந்து இவர் பக்கத்தில உட்கார்ந்தீங்களே, எப்படிங்க உட்கார முடிஞ்சுது?" என்று கேட்டாள். வெளியே போகச் சொன்னாள், போனேன். கேட் வரைக்கும் போனதும் கூப்பிட்டு, "அவரை வரச் சொல்லுங்க" என்றாள்.

கம்பெனி உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். கடிதம் வரும் என்றார் கிளார்க். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதை எப்படி எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவது?

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுது.

அக்கா

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன், மத்தியானம் வரை இருந்தேன், அப்படியே திரும்பிவிட்டேன். நம் வீட்டுத் தெருவில் கால் வைக்கவில்லை.

அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி என் கையில். "மூணு மூட்டையும் போட்டேண்டா" என்றேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவும் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். கண் என் பக்கம் வந்தது, அப்புறம் போய்விட்டது. கேட்டதா, புரிந்ததா, தெரியவில்லை. ஆறு மாதமாக எதை நினைத்து நினைத்துச் செத்தேனோ, அதைச் சொல்லி முடித்தபோது கேட்கத்தான் ஆள் இல்லை.

கிளம்பும்போது அவன் மனைவி வாசல் வரை வந்தாள். "டிசம்பர்ல வந்திருக்கக்கூடாதாண்ணே? உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்கிட்ட சொல்லுங்கன்னேன். இது அவன்கிட்ட மட்டும்தான்னு பிடிவாதம். நான்தான் உங்க மேல இருந்த கோவத்தில ஆள் அனுப்பலை" என்று சொல்லி அழுதாள். அவள் மேல் என்ன தப்பு?

அக்கா, வேலை போனது, பெயர் போனது, மூட்டை தூக்கி முதுகு போனது, இதையெல்லாம் விட்டுவிடலாம். பயத்தில் எழுதினாய். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ, யார் கண்டது. ஆனால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். நாலு மாதம் அவனுக்குப் பேச்சு இருந்தது. என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு இங்கே சுவரைப் பார்க்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். அவன் கேட்பதைக் கேட்டுவிட்டு நீ வீட்டுக்குப் போய்ச் சமைத்தாய். அவன் என்ன சொல்ல நினைத்தான் என்று இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்? நீ சொல்லு.

கம்பெனிக் கடிதம் வந்தது. வேலைக்குத் திரும்பவில்லை. அந்தத் தொட்டி மேல் என்னால் ஏற முடியாது. அப்பாவுக்கும் உனக்கும் இங்கே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மாடிப்படி கிடையாது, அப்பாவுக்குச் சௌகரியம். 25ஆம் தேதி லாரி அனுப்புகிறேன், சாமானைக் கட்டி வை. நான் இப்போதைக்கு என் அறையிலேயே இருந்துகொள்கிறேன். அப்பாவை வந்து பார்ப்பேன்.

ஒட்டகத்தைப் பார்க்க இனி எல்லா ஞாயிறும் போவேன். மற்ற நாளில் நீ போ, அவள் உள்ளே விட்டால் உட்கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ அங்கே வராதே.

தம்பி